மூன்றாவது வியாழக்கிழமை

அன்புள்ள டைப்புக்கு,

கர்த்தருடைய சமாதானம் நீ இருக்கிற வீட்டில் தங்கட்டும். அது என் வீடா, மகன் வீடல்லவா என்று நீ முகத்தைச் சுளிப்பாய். யார் வீடானால் என்ன, வருகிற சமாதானத்தை வாசலோடு அனுப்பிவிடாதே.

முழங்கால் எப்படி இருக்கிறது? கண் ஆபரேஷன் முடிந்ததா? போன இரண்டு கடிதங்களிலும் இதைத்தான் கேட்டிருந்தேன். இரண்டுக்கும் பதில் இல்லை. முதலாவது தபாலில் தொலைந்திருக்கும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். இரண்டாவதும் தொலைந்தது என்று நம்ப எனக்குச் சாமர்த்தியம் போதவில்லை. கண் தெரியாமல் உன் மருமகள்தான் படித்துக்காட்டுகிறாள் என்றால், சபைச் செய்தி முடிகிற வரைக்கும் அவள் படிக்கட்டும். அதற்குப் பிறகு உள்ளதைப் பூதக்கண்ணாடி வைத்து நீயே படி. எத்தனை நாள் ஆனாலும் பரவாயில்லை.

சபைச் செய்தி என்று நல்லதாக ஒன்றும் இல்லை. பள்ளிக்கூட ஆபீஸில் முப்பது வருஷம் தட்டச்சு அடித்த உனக்கு டைப்பு என்றும், லாண்டரியில் இஸ்திரி போட்ட எனக்குக் கஞ்சி என்றும் பேர் வைத்தாரே பாட்டுக்குழு மாஸ்டர், அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். கஞ்சி போட்ட சட்டை மாதிரி விறைப்பாக நிற்கிறாய் என்று கடைசி வரை கிண்டல் செய்தார். சபையில் ஏழைகளுக்குப் போட்ட சனிக்கிழமைச் சாப்பாடு நின்றுபோய் ஒரு வருஷம் ஆகிறது. சமைக்க ஆள் இல்லை. வரிசையில் வந்து நிற்கிறவர்கள் மட்டும் ஒரு மாதம் வரைக்கும் வந்து நின்றுகொண்டே இருந்தார்களாம். இப்போது அந்தச் சமையலறையில் கால் உடைந்த நாற்காலிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

நான் கடைசியாகக் கோயிலுக்குப் போன ஞாயிற்றுக்கிழமை, வீடு சந்திப்புக்கு வருகிறவர்கள் கை தூக்குங்கள் என்று போதகர் கேட்டார். எல்லோரும் பாட்டுப் புத்தகத்துக்குள் தலையை விட்டுக்கொண்டார்கள். அவ்வளவு பக்தியாக நம் ஜனங்கள் பாட்டுப் புத்தகம் பார்த்து நான் கண்டதே இல்லை. ஆறு பேர் இருந்த குழுவில் இப்போது இரண்டே பேர். மருந்துக்கடைக்காரர் மனைவி ஒருத்தி, கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிற பெண் ஒருத்தி. முப்பத்தெட்டு வீடு. வியாழக்கிழமை மத்தியானம் ஒன்றுதான் அவர்களுக்கு ஒழிகிறது. அவர்களைப் பற்றி என் வாயால் ஒரு குறை சொல்லமாட்டேன்.

நீ தட்டச்சு அடித்துக் கொடுத்த கார்டுகளை இன்னும் அதே செருப்பு அட்டைப்பெட்டியில்தான் வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு ஒரு கார்டு. உடம்பு முடியாதவர்கள், தனியாக இருப்பவர்கள், கோயிலுக்கு வர முடியாதவர்கள். மூன்று வியாழக்கிழமை தொடர்ந்து கதவு திறக்காவிட்டால் ‘ஆளில்லை’ என்று எழுதிக் கார்டைப் பின்வரிசைக்குத் தள்ளிவிட வேண்டும் என்ற விதியும் அப்படியே இருக்கிறது. அந்த விதியை யார் போட்டது என்று அந்தப் பெண்களுக்குத் தெரியாது. பக்கத்து வீட்டில் விசாரிக்காமல் எப்படித் தள்ளுவது என்று நீ சண்டை பிடித்தாய். ஆறு பேரை வைத்துக்கொண்டு ஊரையெல்லாம் விசாரிக்க முடியுமா என்று உன் வாயை அடைத்தவள் நான்தான்.

இனி என் சமாச்சாரம். எட்டு மாதத்துக்கு முன்னால் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டேன். போன கடிதங்களில் லேசான சுளுக்கு என்று எழுதியிருந்தேன், அது பொய். கம்பி வைத்துத் தைத்திருக்கிறார்கள். கட்டிலிலிருந்து வாசல் கதவுக்குப் பதினாறு அடி. நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அந்தப் பதினாறு அடியை நடக்க எனக்கு ஆறு நிமிஷம் ஆகிறது. பயந்துவிடாதே, பட்டினி ஒன்றும் இல்லை. மாடியில் இருக்கிற பஸ் டிரைவரின் மனைவி தன்னிடம் ஒரு சாவி வைத்திருக்கிறாள். வேலைக்குப் போகும்போது சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டுப் பறந்துவிடுவாள். அவளுக்கு நின்று பேச நேரம் இல்லை, அதை நான் தப்பென்று சொல்லமுடியாது.

போதகர் ஒரு முறை வந்து ஜெபம் செய்தார். உங்களுக்கும் ஒரு கார்டு போட்டுவிடுகிறேன் அக்கா, வியாழக்கிழமை வருவார்கள் என்று சொன்னார். நம் பெட்டியில் என் பெயருக்கு ஒரு கார்டு! சிரித்துவிட்டேன். அவர் போன பிறகு கொஞ்சம் அழுதேன். ஆனால் அடுத்த வியாழக்கிழமைக்காகத் தலை வாரி, சலவைப் புடவை கட்டி உட்கார்ந்திருந்தேன் என்பதையும் உன்னிடம் மறைக்கப் போவதில்லை.

காத்திருந்து காத்திருந்து முதல் வியாழக்கிழமை கண் அசந்துவிட்டது. தட்டிய சத்தத்தில் விழித்து எழுந்து கதவுக்கு வந்து சேர்ந்தபோது, கீழே ஒரு வசனத் தாள்தான் கிடந்தது. இரண்டாவது வாரம் பாதி வழி வந்துவிட்டேன். இருங்கம்மா, வந்துகிட்டே இருக்கேன் என்று கத்தினேன். இந்த வயதில் என் கத்தல் என் காதுக்கே கேட்கவில்லை. தெருவில் அவர்கள் செருப்புச் சத்தம் போவது மட்டும் நன்றாகக் கேட்டது.

மூன்றாவது வாரம் நான் உஷாராகிவிட்டேன். இரண்டு மணிக்கே கதவை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். மூன்று மணி சுமாருக்கு அவர்கள் வருவது கேட்டது. சட்டத்தைப் பிடித்து எழுந்து நின்று, தாழ்ப்பாளில் கையை வைத்துவிட்டேன். அப்போது மருந்துக்கடைக்காரர் மனைவி, இது மூணாவது வாரம்தானே, சொந்தக்காரங்க யாராவது கூட்டிட்டுப் போயிருப்பாங்க என்று சொன்னாள். மற்றவள், அப்பாடா, இன்னைக்கு நாலு மணிக்குள்ள வீட்டுக்குப் போயிடலாம் என்றாள். பிறகு தட்டினார்கள்.

அந்த ‘அப்பாடா’ இருக்கிறதே, அது எனக்குத் தெரிந்த குரல். என் கை தாழ்ப்பாளில்தான் இருந்தது. இழுக்கவில்லை. இழுத்தால் அந்தப் பெண்ணின் முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும். அவள் நல்ல பெண். காலையிலிருந்து யார் யாருக்கோ கிளட்சு மிதிக்கச் சொல்லிக்கொடுத்துக் களைத்துப்போய் வந்திருப்பாள். முதுகுக்குப் பின்னால் ஜன்னல் வெளிச்சம், என் கால் நிழல் கதவுக்கு அடியில் வெளியே விழுந்திருக்கும். பார்த்தார்களோ இல்லையோ, எனக்குத் தெரியாது. பிறகு ஒருத்தி, யாருமில்லை, எழுதிக்கோங்க என்றாள்.

மருமகள் படித்துக்கொண்டிருந்தால் இந்த இடத்தோடு நிறுத்தச் சொல்.

லிஃப்ட் ஐயாவை நீ மறந்திருக்க மாட்டாய். ஆபீஸ் கட்டடத்தில் நாற்பது வருஷம் லிஃப்ட் ஓட்டி ஓய்வுபெற்றவர். மாடிக்கு ஒரு கதை வைத்திருப்பார். முதல் மாடியில் வட்டமான கைக்கடிகாரம் கட்டிய மானேஜர், இரண்டாவது மாடியில் தினமும் அழுதுகொண்டே ஏறிய பெண். ஒன்பது மாடியும் ஏறி முடிக்காமல் நம்மை விடமாட்டார். நான்காவது மாடியிலேயே ஜெபத்தைச் சொல்லி இறங்கப் பார்ப்போம், நடக்காது. அவர் கதவை மூன்றாவது வாரம் தட்டப் போனோமே, அன்றைக்கு நடந்ததைத்தான் எழுதப் போகிறேன். ஆறு வருஷமாக எழுதாததை.

தட்டுவதற்கு முன்னால் நான் ஒரு கேலி பேசினேன். தப்பிச்சோம்டி, இன்னைக்கும் கிழவர் திறக்கலைன்னா ஒன்பது மாடி ஏறவேண்டாம் என்றேன். மெதுவாகப் பேச எனக்கு எப்போது தெரியும்? நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். பிறகு தட்டினேன். நீ பையில் பேனாவைத் துழாவிக்கொண்டிருந்தாய். நான் குனிந்து என் செருப்பு வாரைச் சரிசெய்தேன். அப்போது கதவுக்கு அடியில் பார்த்தேன். இரண்டு பாதங்களின் நிழல். அசையாமல், கதவை ஒட்டி.

ஆள் இருக்காரா என்று நீ கேட்டாய். இல்லை, எழுது என்றேன்.

நீ எழுதினாய்.

நேரமாகிவிட்டது என்று நான் அப்படிச் சொல்லவில்லை. அவர் மேல் எனக்குக் கோபமும் இல்லை. நான் பேசியதை அவர் கேட்டுவிட்டார் என்று தெரிந்துபோயிற்று. கதவு திறந்தால் அவர் முகத்தை நான் எப்படிப் பார்ப்பது? அதற்காகத்தான். ஒரு மனுஷன் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டு அவரை ஆளில்லை என்று ஆக்கிவிட்டேன். அடுத்த வாரம் தனியாகப் போய் மன்னிப்புக் கேட்கலாம் என்று நினைத்தேன். அடுத்த வாரம் மழை. அதற்கடுத்த வாரம் என்ன சாக்கு என்று நினைவில்லை. இப்படியே ஒன்பது வாரம் ஓடியது.

கதவை உடைத்துத் திறந்தவர்கள், அவர் இறந்து இரண்டு நாள்தான் ஆகியிருக்கும் என்றார்கள். வியாழக்கிழமை மத்தியானம் ஆனால் சட்டையைப் போட்டுப் பொத்தானெல்லாம் மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார், ஜன்னல் வழியாகப் பார்ப்போம் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் சொன்னார்கள். அந்த வார்த்தையைக் கேட்டு நீ சபை வராந்தாவில் உட்கார்ந்து அழுதாய். என் கையெழுத்துடி, என் கையெழுத்தில்தானே ஆளில்லைன்னு இருக்கு, நான் கொஞ்சம் நின்னு பார்த்திருக்கக் கூடாதா என்று திரும்பத் திரும்பச் சொன்னாய். நான் உன் முதுகைத் தடவிக்கொடுத்து, நீ என்ன பண்ணுவ, தெரியாம நடந்தது என்று ஆறுதல் சொன்னேன். உண்மையைத் தொண்டையில் வைத்துக்கொண்டே உனக்கு ஆறுதல் சொன்னேன்.

நீ சந்திப்பை விட்டாய். பேனா பிடிக்கவே கை நடுங்குகிறது என்றாய். நாலு மாதத்தில் வீட்டைக் காலி செய்து மகனோடு கிளம்பிவிட்டாய். பேரப்பிள்ளைக்காகப் போகிறாள் என்று எல்லோரிடமும் நான்தான் சொன்னேன். ஸ்டேஷனில் ரயில் நகரும்போதாவது சொல்லியிருக்கலாம். நீ சன்னல் வழியாக, அந்தப் பெட்டியைப் பார்த்துக்கோ, யாரையும் விட்டுடாதே என்றாய். நான் தலையாட்டினேன்.

இத்தனை வருஷமும், ஐயா ஏன் அன்றைக்குத் திறக்கவில்லை என்று மட்டும் எனக்குப் புரியாமல் இருந்தது. கை எட்டுகிற தூரத்தில்தானே நின்றார். ஒரு வேளை அவருக்கே நம்மைப் பார்க்க இஷ்டமில்லை என்று சொல்லிச் சொல்லித் தூங்கினேன். அது பொய். அவர் வியாழக்கிழமைகளில் சட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இப்போது எனக்கு நன்றாகவே புரிகிறது. முதல் இரண்டு வாரமும் என்னைப் போல அவர் நடந்து வந்து சேர்வதற்குள் நாம் போயிருப்போம். மூன்றாவது வாரம் அப்படியில்லை. நாம் சங்கடப்படக் கூடாது என்று அவர் திறக்கவில்லையடி.

ஆகையால் கேள். அந்தக் கார்டில் இருக்கிற எழுத்து உன்னுடையது, வார்த்தை என்னுடையது. நீ ஒரு தப்பும் செய்யவில்லை. நான் சொன்னதை நம்பினாய், அவ்வளவுதான். இதை இப்போது எழுதுவதால் அவருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை, எனக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை. உன் ஆறு வருஷத்தையும் என்னால் திருப்பித் தர முடியாது. என்னை மன்னிக்கச் சொல்லி எழுதவில்லை. கேட்க எனக்கு வாய் வரவில்லை.

என் கார்டு பின்வரிசைக்குப் போய் ஐந்து வாரம் ஆகிறது. போதகருக்குப் போன் போட்டுக் கலாட்டா செய்யாதே. அந்தப் பெண்களுக்குத் தெரிந்தால் ஒடிந்துபோவார்கள், அவர்களும் நின்றுவிட்டால் மீதி முப்பத்தேழு வீட்டுக்கு யார் போவது? ஆனாலும் வியாழக்கிழமை ஆனால் சலவைப் புடவையைக் கட்டிக்கொள்கிறேன். புத்தியில்லாத பழக்கம்.

பதில் வராமல் உனக்கு நான் எழுதுகிற மூன்றாவது கடிதம் இது. நம் விதிப்படி இதற்கும் பதில் இல்லையென்றால் உன் பெயரை நான் பின்வரிசைக்குத் தள்ள வேண்டும். தள்ளமாட்டேன். பேனா பிடிக்க முடிகிற வரைக்கும் எழுதுவேன். நீ படித்துவிட்டுக் கிழித்துப் போட்டாலும், பிரிக்காமலே வைத்தாலும், கதவுக்கு அந்தப் பக்கம் நிற்கிறாய் என்றே வைத்துக்கொள்கிறேன். உனக்குத் திறக்க மனம் வராவிட்டால் வேண்டாம். நான் இங்கே மெதுவாகப் பேசக் கற்றுக்கொள்கிறேன்.

கர்த்தர் உன் கண்களுக்கு வெளிச்சத்தையும் உன் கைகளுக்கு அமைதியையும் தரட்டும்.

என்றும் உன்,
கஞ்சி