சுக்கு குடோனுக்கு ஒரு விலை

வெள்ளிக்கிழமை, இஷா தொழுகைக்குப் பிறகு.

மத்தியானம் மச்சான், என் வீட்டுக்காரர், போன் செய்தார். அவர் வேலை பார்க்கும் சீனக் கம்பெனி இப்போது போலந்தில் ஒரு ஆஸ்பத்திரியை வாங்கிவிட்டதாம். அவர்கள் தொழிலே அதுதான். நொடித்த கம்பெனியை வாங்கி, நிமிர்த்தி, நல்ல விலைக்கு விற்பார்கள். போய் உட்கார்ந்து நிமிர்த்துகிறவர் மச்சான். முதலில் மலேசியா, பிறகு வியட்நாம், இனிப் போலந்து.

"இது ஒண்ணு முடியட்டும், மட்டாஞ்சேரிக்கே வந்துடறேன்" என்றார். போன தடவையும் இதையேதான் சொன்னார். அதை நம்பி, அந்த வியட்நாம் வேலை நல்லபடியாக முடியவேண்டும் என்று நேர்ச்சை வைத்த முட்டாள் நான்தான்.

போனை வைத்துவிட்டுச் சுக்கு தரம் பிரிக்க உட்கார்ந்தேன். கை ஓடவில்லை. எழுந்து, சாயா குடித்துக்கொண்டிருந்த முதலாளியிடம் போனேன்.

"முதலாளி, நம்ம குடோன் நஷ்டத்துலதானே ஓடுது?"

"ஆமா. அதுக்கென்ன?"

"சீனாக்காரங்க கேட்டா வித்துடுவீங்களா?"

அவர் கிளாஸைக் கீழே வைத்தார். "இந்த ஓட்டைக் குடோன் அவங்களுக்கு எதுக்கு மோளே?"

வாங்கினால், நிமிர்த்த ஒரு ஆளை இங்கே அனுப்புவார்களே. அதை எப்படிச் சொல்வது? முறத்தை எடுத்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன்.