வாழ்த்துக்குப் பின்னால் நின்ற மழை

மே 12, திங்கள்

சிலம்பரசனோடு இன்றும் சண்டை. உப்பளச் சங்கத் தலைவரின் மகன் என்பதைத் தவிர அவனுக்கு வேறு வேலை கிடையாது. சங்கத்து சர்வரைப் பார்த்துக்கொள்வது நான். மெசேஜ் எல்லாம் அதில் க்யூவில் நிற்கும். பின்னால் ஓடும் புரோகிராம் ஒவ்வொன்றாக எடுத்து அனுப்பும். மழை எச்சரிக்கைக்குத் தனி க்யூ வேண்டும் என்றேன். "நல்லாத்தானே ஓடுது? உனுக்கு வேற வேல இல்லியா?" என்றான்.

எனக்கா?

மே 19, திங்கள்

அவன் குரல் கேட்டாலே எரிகிறது.

மே 24, சனி

தலைவர் பிறந்தநாள். லாரிக்காரர், வியாபாரி, ஊர்க்காரர் எல்லோருக்கும் போட்டோவோடு ஆயிரக்கணக்கில் மெசேஜ். மதியம் மழை எச்சரிக்கை வந்து க்யூவின் கடைசியில் நின்றது. முன்னால் தலைவர், தலைவர், தலைவர்! கூனிமேடு பக்கம் வானம் கறுத்துவிட்டது. சிலம்பரசனுக்கு ஃபோன் போட்டேன்.

"இந்த வெயில்ல மழையா? அப்பா மெசேஜ்ல கை வெச்சே, நாளைக்கி உனுக்கு வேல இருக்காது."

வாரிக் குவித்த உப்பு வெட்டவெளியில் கிடக்கிறது. எதிர்வீட்டு மங்கம்மாக்கா குத்தகைப் பாத்தியிலும் இரண்டு குவியல். மகளைக் காலேஜில் சேர்ப்பது அதை நம்பித்தான்.

போடா என்று வாழ்த்து மொத்தத்தையும் அழித்தேன். எச்சரிக்கை போனது. எல்லோரும் உப்பைத் தார்ப்பாய் போட்டு மூடியதும் கொட்டியது பார், அப்படி ஒரு மழை.

மே 26, திங்கள்

வேலை போய்விட்டது. "எங்கப்பா பொறந்தநாளயே அழிச்சிட்டா" என்று கூட்டத்தில் கத்தினான். என்னால் உப்பு தப்பியவர்கள் அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். ஒருத்தருக்காவது வாய் இருந்ததா? தூ!

சர்வர் பாஸ்வேர்டை, என் இடத்துக்கு வந்த அவன் கூட்டாளி சதீஷிடம் கொடுத்தேன். மழைக்குத் தனி க்யூ போடச் சொன்னேன். "சிலம்பு சொன்னா போடறேங்க" என்றான்.

ஜூன் 5, வியாழன்

"நீ இல்லன்னாலும் மழ மெசேஜ் வரும்ல?" என்று மங்கம்மாக்கா கேட்டார். அன்றைக்குத் தரையைப் பார்த்தவர்களில் இவரும் ஒருத்தர். வரும்க்கா என்றேன். நனையட்டுமே, ஒரு தடவை நனைந்தால்தான் என் அருமை தெரியும்.

ஜூன் 18, புதன்

சாயங்காலம் திடீரென்று பெருமழை. விட்ட பிறகு, நனைந்த துணியைப் பிழிந்துகொண்டிருந்தபோது ஃபோனில் சத்தம். தலைவர் தம்பதிக்குத் திருமண நாள் வாழ்த்து. அடுத்து அதே வாழ்த்து. அதற்கும் அடுத்து: "மழை வரலாம். உப்பை மூடவும்." வாய்விட்டுச் சிரித்தேன்.

சிரித்து முடிப்பதற்குள் மங்கம்மாக்காவின் ஃபோன். நன்றாகத் திட்டு வாங்கப்போகிறேன் என்று நினைத்துத்தான் எடுத்தேன்.

"நீ சொன்னாப்பல மெசேஜ் வந்துடுச்சிம்மா. அப்ப இன்னொரு மழ வருதா? எல்லாம் கரைஞ்சி ஓரத்துல கொஞ்சூண்டு கெடக்குது. அத மூடிடட்டா?"

மூடுங்கக்கா, நானும் வர்றேன் என்றேன்.