கடலுக்குப் போன நாலு போத்தல்

நாக்கில் வைக்காமலே உப்புக் குறைவா கூடவா என்று சொல்லிவிடுகிற என் யோகன் மச்சானுக்கு,

நல்ல செய்தியோடுதான் உனக்கு எழுதுவது என்று இந்தக் கடிதத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். உன் மீன் சம்பல் போத்தலில் ஏறிக் கடைக்குப் போய்விட்டது என்று எழுத ஆசை. போய்விட்டது மச்சான். போனதுதான் இப்போது பிரச்சினை.

இதை வாழைச்சேனைத் துறைமுகத்தில், ஐஸ் உடைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு எழுதுகிறேன். சமையல்காரனாக நீ எத்தனை தரம் இங்கிருந்து ஆழ்கடல் படகேறிப் போயிருப்பாய். கச்சான் காற்று அடுப்புவாய் மாதிரி முகத்தில் அடிக்கிறது. கடல் அலை இல்லாமல், எண்ணெய் ஊற்றியதுபோலக் கிடக்கிறது. எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

முதலில் இருந்து சொல்கிறேன். நீ கண்ணை மூடின பிறகு, உன் சம்பலைச் சந்தைக்குக் கொண்டுவர வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவள் என் மகள், உன் மருமகள் தர்சினி. வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு வந்த பிள்ளை சும்மா இருக்குமா? செட்டிபாளையத்து வீட்டு வளவுக்குள் கிடந்த தகரக் கொட்டிலைக் கழுவி, வெள்ளை அடித்து, வாசலில் ஒரு மட்டையைத் தொங்கவிட்டாள். அதில் என் பெயருக்குக் கீழே "உற்பத்தி முகாமையாளர்" என்று எழுதியிருந்தது. சாதாரண தரப் பரீட்சையில் கணக்குப் பாடத்தைத் திரும்பத் திரும்ப எழுதி, ஒவ்வொரு முறையும் கணக்கிடம் தோற்று வந்த ஐஸ் லொறி டிரைவர் முகாமையாளர் ஆனான். உன் தங்கச்சி பத்மா அந்த மட்டையைப் பார்த்துவிட்டு, "முகாமையாளர் ஐயா, கோழிக்கூட்ட ஆரு துறக்கிற?" என்று கேட்டாள். அவள் மாறவேயில்லை.

ஒரு சாமானைக் கடைக்குக் கொண்டுபோவது என்றால் சமைத்து, அடைத்து, விற்பது என்றுதான் நான் நினைத்திருந்தேன். மகள் விடவில்லை. அயலில் எல்லா வீட்டுக்கும் கொடுத்து ருசி கேட்டாள். கொழும்புக்கு அனுப்பிச் சோதித்தாள். லேபலில் என்ன எழுதலாம், என்ன எழுதக் கூடாது என்று சுகாதாரப் பரிசோதகரைப் போய்க் கேட்டாள். பெயர் வைக்கும்போது மட்டும் ஒருவரும் யோசிக்கவில்லை. "யோகன் சம்பல்." உன் பெயர்தான் விற்கும் என்று எல்லாருக்கும் தெரியும்.

அவளுடைய சட்டங்களில் பெரிய சட்டம் ஒன்று. அடைத்த போத்தல் உடனே வெளியே போகக் கூடாது. புதிதாகச் சமைத்தது கொட்டிலின் கிழக்கு மூலையில் இரண்டு கிழமை கிடக்க வேண்டும். நாளும் போய் ஒவ்வொரு மூடியையும் பெருவிரலால் அமத்திப் பார்க்க வேண்டும். மூடி உள்ளே குழிந்திருந்தால் நல்லது. எழும்பினால் உள்ளே பழுது. தப்பிய போத்தல்தான் மேற்கு மூலைக்குப் போகும், அங்கிருந்துதான் கடைக்கு. அமத்துகிற வேலை என்னுடையது. இவ்வளவு படித்த வேலை என் கைக்கு முன்பு வந்ததில்லை.

அப்படியிருக்க வைகாசி வந்தது. அம்மன் கோயில் கதவு திறக்கிற நாளும் வந்தது. உனக்குச் சொல்லத் தேவையில்லை, கதவு திறந்தால் கடைசி நாள் குளிர்த்திச் சடங்கு முடியும்வரை நம் வீட்டில் மீன் என்ற பேச்சே கிடையாது. இந்தமுறை அம்மனுக்குப் பூசைச் சாமான் வைத்த மடைப்பெட்டி எடுப்பதாகப் பத்மா நேர்ந்திருந்தபடியால் கட்டு இன்னும் இறுக்கம். கதவு திறக்க முன்னம் கையிலிருந்த சூரை மீனையெல்லாம் முடித்துவிட வேண்டும் என்று ஒரே மூச்சில் ஒரு சமையல் போட்டோம். சம்பல் இன்னும் கொஞ்சம் வறள வேண்டும் என்றாள் மகள். வீடு கழுவ நேரமாச்சு என்றாள் தாய். முகாமையாளர் அடுப்பை அணைத்தார்.

போத்தல்களைக் கிழக்கு மூலையில் அடுக்கிவிட்டுக் கொட்டிலைச் சாத்தினோம். அதற்குப் பிறகு ஒருவரும் அந்தப் பக்கம் போகவில்லை. மீன் போத்தலைத் தொட்ட கையோடு கோயில் வாசலில் எப்படி நிற்பது? மூடியை அமத்துவதும் மீனைத் தொடுவதுதான் என்று மூன்று பேரும் பேசிக்கொள்ளாமலே முடிவெடுத்துவிட்டோம். படித்த பிள்ளையும்தான்.

எங்கள் சாமானைக் கடை கடையாகப் போடுகிறவர் காத்தான்குடி நஸீர் காக்கா. நல்ல மனுசன். மேற்கு மூலைப் பெட்டிகளை எடுக்க வருவதாக முன்னமே சொல்லியிருந்தார். அவர் வந்த நேரம் நானும் மகளும் கோயிலில். பத்மா தலை தோய்ந்து, மடைப்பெட்டியோடு புறப்பட நின்றவள், கொட்டில் வாசலுக்கே போகவில்லை. முற்றத்தில் நின்றபடியே கையைக் காட்டினாள்.

"அந்தா, அந்த மூலையில இருக்கு காக்கா. நீங்களே எடுங்க. நான் கிட்ட வர ஏலா, விரதம்."

"வராதீங்க புள்ள, வராதீங்க. நான் பாத்துத் தூக்கிப் போடுறன்."

தூரத்தில் நின்று காட்டிய கை எந்த மூலையைக் காட்டும்? எல்லாம் ஒரே போத்தல், ஒரே லேபல். அவர் கிழக்கு மூலையைத் தூக்கித் தன் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். விரதக்காரியைத் திரும்பக் கூப்பிட்டுக் கேட்கக் கூடாது என்று அவருக்கு மரியாதை. பெட்டிக்குக் கிட்டப் போகக் கூடாது என்று இவளுக்குப் பக்தி. இதில் யாரை மச்சான் குற்றம் சொல்வது?

குளிர்த்தி முடிந்த மறுநாள் காலை தர்சினி கொட்டிலைத் திறந்தாள். உள்ளேயிருந்த வெக்கை எங்கள் இரண்டு பேரையும் வெளியே தள்ளியது. மேற்கு மூலைப் பெட்டிகள் அப்படியே இருந்தன. கிழக்கு மூலையில் ஒரேயொரு பெட்டிதான் மிச்சம். அதிலிருந்து ஒரு போத்தலை எடுத்தாள். அமத்திப் பார்க்கத் தேவைப்படவில்லை. மூடி பிள்ளைத்தாய்ச்சி வயிறு மாதிரி மேலே நின்றது.

"காத்து ஏறியிருக்கும் புள்ள," என்றேன்.

"காத்தில்ல அப்பா. உள்ளுக்க ஏதோ உயிரோட இருக்கு."

அடுத்ததை எடுத்தாள். பிறகு அடுத்தது. சிலது எழும்பியிருந்தது, சிலது எழும்பவில்லை. எழும்பாததுதான் கூடப் பயம் என்றாள். மணம் மாறாது, நிறம் மாறாது, தின்கிறவனுக்குத் தெரியாது. பிறகு கண்ணுக்கு ஒன்று இரண்டாகத் தெரியும், நாக்குத் தடிக்கும், மூச்சு எடுக்க ஏலாமல் போகும். ஆஸ்பத்திரி கிட்ட இருந்தால் தப்பலாம். இவ்வளவையும் பாடம் ஒப்புவிக்கிற மாதிரிச் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, கையிலிருந்த போத்தலை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள்.

நஸீர் காக்காவுக்கு ஃபோன் எடுத்தேன்.

"எல்லாம் போட்டாச்சே தம்பி. செங்கலடி, ஓட்டமாவடி, வாகரை வரைக்கும் போட்டாச்சு. நல்ல ஓட்டம்."

அந்தச் சொல்லைக் கேட்கத்தானே இத்தனை மாதம் தகரத்துக்குள்ளே வெந்தோம். விசயத்தைச் சொன்னேன். மனுசன் உடனே வானைத் திருப்பிக்கொண்டு வந்தார்.

அவர், நான், மகள் மூன்று பேரும் கடை கடையாக ஏறி இறங்கினோம். செங்கலடியில் ஒரு கடைக்காரர், "சனம் கேட்டு வாங்குது, நீங்க வந்து பறிக்கிறீங்க. நீங்க ஆருகா?" என்றார். முகாமையாளர் என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். நானும் கூடச் சிரித்தேன், வேறென்ன செய்ய? வாங்கிப்போன வீடுகளையும் விசாரித்து விசாரித்துப் பிடித்தோம். வாகரையில் ஒரு அம்மா, பாதி தின்ற போத்தலைத் தந்து, இதுமாதிரிச் சம்பல் தின்றதேயில்லை என்றாள். தர்சினி அந்த அம்மாவின் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு விடாமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். ஒன்றுமில்லை என்று அனுப்பினார்கள். இன்னும் காலையும் மாலையும் ஃபோன் எடுத்துச் சுகம் கேட்கிறாள். சுகாதாரப் பரிசோதகருக்கும் அவளே சொன்னாள். அவர் வந்து கொட்டிலைப் பூட்டி முத்திரை வைத்துவிட்டுப் போனார்.

போத்தல் எல்லாம் திரும்பிவிட்டது மச்சான். நாலைத் தவிர.

அந்த நாலும் ஓட்டமாவடிக் கடையில் போனது. "முபாறக் தண்டயல்ட ஊட்டுக்காரி வாங்கின," என்றார் கடைக்காரர். நீ கடைசியாகச் சமைத்துப் போட்ட படகை ஓட்டுகிற அதே முபாறக்தான். வானிலேயே இருந்துவிடலாமா என்று பார்த்தேன்.

"அப்பா, இறங்குங்க," என்றாள் மகள்.

கதவைத் திறந்த ஹைருன் சிரித்த முகத்தோடு வரவேற்றாள்.

"யோகன் அண்ணன்ட மச்சானா? வாங்க, வாங்க. போத்தல்ல அண்ணன்ட பேரக் கண்டதும் நாந்தான் வாங்கின. ஊட்ட ஒண்டும் வெக்கல்ல, நாலையும் படகுக்கே குடுத்து உட்டன். அண்ணன் போன பொறகு கடலுக்க சோறு இறங்குதில்ல எண்டு அவர் ஒவ்வொரு முறையும் சொல்றவர்."

தர்சினி ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னாள். ஹைருன் கடைசியில் ஒன்றுதான் கேட்டாள்.

"கடலுக்க வெச்சு அப்படி வந்தா என்ன செய்யிற?"

மகள் அவளைக் கையைப் பிடித்து வானில் ஏற்றினாள்.

நேரே இங்கே வந்தோம். துறைமுகத்து வயர்லெஸ் அறையில் இருக்கிற தம்பி, "யோகன் சம்பலத் துறக்க வேணாம், தின்டிருந்தா உடனே கரைக்கு வாங்க" என்று விட்டு விட்டுக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். மற்றப் படகுகள் பதில் சொல்கின்றன. அந்தப் படகு சொல்லவில்லை. அதோடு சேர்ந்து வலை போட்ட படகுக்காரன் ஒருவன் மட்டும் பேசினான்.

"முந்தநாள் கண்ட நாங்க. சோறு தின்ன வாங்க எண்டு கூப்பிட்டாங்க. நாங்க போகல்ல."

என்ன கறி என்று கேட்க எனக்குப் பயம். தர்சினி கேட்டாள். அவனுக்குத் தெரியாது. அதற்குப் பிறகு அந்தப் படகின் குரலை ஒருவரும் கேட்கவில்லை. தூரம் போனால் வயர்லெஸ் செற் இழுக்காது, பற்றறி இறங்கினாலும் பேச ஏலாது, பதில் வராததுக்கு எத்தனையோ காரணம் இருக்கு அண்ணன் என்று வயர்லெஸ் தம்பி ஒவ்வொன்றாகச் சொன்னான். ஒரு காரணத்தை மட்டும் விட்டுவிட்டான். தேடச் சொல்ல வேண்டிய இடத்துக்கெல்லாம் சொல்லியாயிற்று.

உனக்கு எழுதத் தொடங்கியதே ஒன்று கேட்கத்தான். நீ படகில் சம்பலை எப்போது எடுப்பாய்? கரை விட்ட அன்றே திறப்பாயா? வலையில் மீன் படும்வரை அதைத்தான் கொடுப்பாயா, இல்லை பச்சை மீன் அலுத்த பிறகுதானா? இதைச் சொல்லக்கூடியவன் நீ ஒருவன்தான். எத்தனை வருசம் உன்னோடு இருந்து தின்றிருக்கிறேன், இதை ஒரு நாளும் கேட்கத் தோன்றவில்லையே.

பத்மா வீட்டில் இருக்கிறாள். குளிர்த்தி முடிந்தும் மீன் வாங்கவில்லை. ஃபோன் எடுத்தால் படகைப் பற்றிக் கேட்கமாட்டாள். "நான் எந்த மூலையக் காட்டினன்?" என்பாள். வானுக்குள் இருந்து நஸீர் காக்கா, "புள்ள சரியாத்தான் காட்டின, நாந்தான் பிழையா எடுத்த" என்று அவளுக்குச் சொல்லச் சொல்கிறார். அது உண்மையா, அவள் மனதுக்காகச் சொல்கிறாரா, எனக்குத் தெரியாது.

ஹைருன் படகு கட்டுகிற மேடையின் அந்தப் பக்கம் இருக்கிறாள். தர்சினி அவள் கையைப் பிடித்திருக்கிறாள். இப்போதுதான் இரண்டு பேரும் எழும்பிக் கடலைப் பார்க்கிறார்கள். தூரத்தில் ஒரு படகு. பச்சையும் வெள்ளையும் மாதிரித் தெரிகிறது. முபாறக்கின் படகு அந்த நிறம்தான் என்று வயர்லெஸ் தம்பி அறைக்கு வெளியே வந்து சொல்கிறான். அவர்கள் திரும்பி வர வேண்டிய நாள் இன்னும் வரவில்லை. நாங்கள் கூப்பிட்டது காதில் விழுந்து திரும்புகிறார்களா? வேறு எதற்காகவாவது திரும்புகிறார்களா? கரையைக் கண்டால் படகுக்காரர் ஹோர்ன் அடிப்பார்கள் அல்லவா. இது அடிக்கவில்லை. மெதுவாகத்தான் வருகிறது. மேல்தட்டில் ஆள் நிற்பது இன்னும் தெரியவில்லை.

எழும்பிப் போகிறேன் மச்சான். கயிறு எறிந்தால் அதை நான் வாங்கிக் கட்டுவேன். எறிய ஆள் இல்லாவிட்டால் நானே பாய்ந்து ஏறுவேன். உள்ளே எதைக் கண்டாலும், அது யோகன் சமைத்ததில்லை, நான் அடுப்பை அணைத்தது என்று ஹைருனின் முகத்தைப் பார்த்தே சொல்வேன். உன் பெயருக்குப் பின்னால் போய் ஒளியமாட்டேன். இது சத்தியம்.

உன் தங்கச்சியைக் கட்டினவன்,
உன் மச்சான் செல்வம்