நிலாவில் கால் வைத்த நாளும் மல்லிகாவின் வயசும்

அன்புத் தம்பி காதருக்கு,

சுதந்திரத்துக்கு அம்பது வயசாச்சு என்று இராஜபாளையம் முழுக்கக் கொடி கட்டியிருக்கிற வருசம் இது. மில் வாசலில் மிட்டாய் கொடுத்தார்கள். இப்படி ஒரு நாளை நீ விட்டிருப்பாயா? உன் சைக்கிள் கடைப் பலகையில் இடமே பத்தியிருக்காது. அது வெறுமையாகக் கிடக்கிறது, தம்பி. நேற்றுதான் உனக்கு நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதினார்கள்.

எனக்குத்தான் எழுத்து தெரியாதே. நான் சொல்லச் சொல்ல என் தங்கச்சி மகள் மல்லிகா எழுதுகிறாள்.

பேப்பரையும் சினிமாப் புத்தகத்தையும் கத்தரித்து வைத்துக்கொண்டு தினம் காலையில் சாக்பீஸும் கையுமாக நிற்பாய். இன்று இந்த நடிகைக்குப் பிறந்தநாள், இன்று இந்தத் தலைவர் மறைந்த நாள். ஷிப்டுக்குப் போகிறவர்கள் சைக்கிளில் ஒரு காலை ஊன்றி வாசிப்பார்கள். எனக்கு மட்டும் சத்தமாகப் படித்துக் காட்டுவாய்.

"அண்ணே, இந்த நடிகருக்குக் கல்யாணமான வருசம் சரியா?"

"சரிதான், நம்ம மில்லுல ரெண்டாவது ஷெட்டுக்குக் கூரை போட்ட வருசம்லா?"

"பாத்தியளா, பேப்பர்காரனுக்கே எங்கண்ணன்தான் சாட்சி!"

மனுசன் நிலாவில் கால் வைத்த நாளை மட்டும் நீ ஒரு வருசமும் விட்டதில்லை. அது மல்லிகா பிறந்த நாள். ஆடிப்பூரம் முடிந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் கூட்டம் கலையாத நேரம். டீக்கடை ரேடியோவில் கேட்டுவிட்டு, ஆஸ்பத்திரி சன்னலுக்கு வெளியே நின்று சேதியைச் சொன்னேன். அந்த வலியிலும் என் தங்கச்சி, "அவன் நிலாவுக்கே போய்ச் சேந்துட்டான், எம்புள்ள இந்தா இருக்க வாசலுக்கு வரமாட்டேங்கு" என்றாள்.

டெல்லியில் பிரதமரம்மாவைச் சுட்டார்களே, அதற்கு மறு வருசம், ஆடி மாசம் என்றும் பாராமல், மல்லிகாவுக்குச் செட்டியார்பட்டியில் மாப்பிள்ளை பார்த்தார்கள். பத்தாவது படிக்கிற பிள்ளை. மாப்பிள்ளை பஸ் கண்டக்டர், அரசாங்கச் சம்பளம். "பொண்ணுக்குப் பதினெட்டு ஆயிட்டா? இல்லேன்னா தம்பி வேலைக்கு வம்பு" என்று மாப்பிள்ளையின் அண்ணன் கேட்டார். தங்கச்சி புருசன் முத்துராசு என்னைக் கைகாட்டினான். "எங்க மச்சான் சொன்னா கல்வெட்டு."

"பதினெட்டு முடிஞ்சிட்டு" என்றேன். நல்ல இடம் கைநழுவிப் போகக் கூடாதே என்று. தெரிந்தே நான் மாற்றிச் சொன்ன வருசம் அது ஒன்றுதான்.

மறுநாள் தாம்பூலம் மாற்ற வந்தவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் உன் பலகை முன்னால் நின்றுவிட்டார்கள். 'மனிதன் நிலவில் கால் வைத்து இன்று பதினாறு ஆண்டுகள். நம்ம மல்லிகாவுக்கும் பதினாறு.' அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிப் போய்விட்டார்கள்.

முத்துராசு பலகையை மிதித்து ரெண்டாக்கினான். "ஏலே, ஒஞ் சாக்பீஸு எம்மவ வாழ்க்கையிலயா வெளயாடுது?" நீ குனிந்து துண்டுகளைப் பொறுக்கினாய். மிதி வாங்க வேண்டியவன் நான், பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்த நாள் பேண்டேஜ் துணியால் ரெண்டு துண்டையும் சேர்த்துக் கட்டி, யாரோ ஒரு பாட்டுக்காரரின் பிறந்தநாளை எழுதி, எப்போதும்போல எனக்குப் படித்துக் காட்டினாய். ஏன் அப்படி எழுதினாய் என்று நான் கேட்கவில்லை. பன்னிரண்டு வருசமாகக் கேட்கவில்லை.

இந்த இடத்தில் மல்லிகா பேனாவை வைத்துவிட்டாள். இப்போது இவள் பள்ளிக்கூடத்து டீச்சர். அந்தப் பொய்யை இவளிடம் இன்றுதான் வாய்விட்டுச் சொன்னேன்.

"கதவுக்குப் பின்னாலதான மாமா நின்னேன்" என்கிறாள். "அன்னைக்குச் சாயங்காலமே, இந்தக் கல்யாணம் வேண்டாம்னு காதர் மாமாகிட்ட ஓடுனேன். 'ஒங்க மாமா பொய் சொல்ல மாட்டாரு, மறந்திருப்பாரு. நான் ஞாபகப்படுத்துதேன்'னாரு. நான் வந்ததை யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டாரு."

நானா மறப்பேன், காதரு? ஊரில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் உனக்குத் தெரியாதா? இவள் மேல் அடி விழாமலும், என் மானம் போகாமலும், அம்புட்டையும் நீயே வாங்கிக்கொண்டாயா?

இந்த வருசம் நிலா நாள் எழுதப்படாமலே போய்விட்டது. உன் மகனிடம் கேட்டுப் பலகையை வாங்கி வந்திருக்கிறேன், நீ போட்ட துணிக்கட்டை அவிழ்க்கவில்லை. நாளையிலிருந்து இவள் எழுதுவாள். வருகிற ஆடியில் அந்த நாளுக்குக் கீழே உன் பேர் இருக்கும். வயசை மாற்றிச் சொன்னவன் பேரும் இருக்கும். இது சத்தியம்.

முத்துராசு இல்லை, தங்கச்சி இல்லை, நீயும் இல்லை. எனக்குப் பொறவு அந்தப் பலகையில் என்ன எழுதியிருந்தது என்று சொல்ல ஒரே ஒரு ஆள்தான் மிச்சம். மல்லிகா.

கைநாட்டு வைக்கும்
உன் அண்ணன் சுப்பையா