சுவரில் இருந்த கறுப்பு

அக்கா,

நேற்று ஜோகுபாளையத்தில் வாடகைக்கு ஒரு வீடு பார்க்கப் போனேன். புதிதாகப் பெயிண்ட் அடித்து வைத்திருந்தார்கள். கதவைத் திறந்ததுமே அதையும் மீறி ஈரச் சுவரின் நாற்றம் வந்தது. மெட்ரோ எவ்வளவு பக்கம் என்று புரோக்கர் அளந்துகொண்டிருந்தார். நான் எதுவும் கேட்காமல் படியிறங்கிவிட்டேன். ஆட்டோவில் வரும் வழியெல்லாம் உங்கள் நினைப்புதான்.

ஈஜிபுராவில் நம் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஓர் ஆள் நுழையும் சந்து. உங்கள் ஜன்னலுக்கு எதிரே எங்கள் ஜன்னல். மணைமேல் கரிப்பொடிப் பசையை வைத்து நீங்கள் ஊதுபத்தி உருட்டுவீர்கள். கை எந்நேரமும் கறுப்பாக இருக்கும். என் சமையல் முடியும்வரை என் பெண் மஞ்சு உங்களோடுதான் கிடப்பாள். அடுக்கித் தருகிறேன் என்று குச்சிகளையெல்லாம் கலைத்துப் போடுவாள். ஒரு நாளும் நீங்கள் அவளைக் கோபித்ததில்லை.

அவளுக்கு ஆறு வயதான அந்த மழைக்காலத்தில் இருமல் விடவே இல்லை. பிறகு மூச்சு இழுக்கத் தொடங்கியது. கிளினிக்கில் நெபுலைசர் மாஸ்க்கை முகத்தில் வைத்தால் என் சேலைத் தலைப்பை விடமாட்டாள். வீட்டில் ஈரம் உண்டா என்று டாக்டர் கேட்டார். அதெல்லாம் இல்லை, எதிர்வீட்டில் ஊதுபத்தி உருட்டுகிறார்கள் என்றேன். அந்தத் தூசியும் ஆகாதுதான் என்றார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

மஞ்சுவின் கட்டிலை ஒட்டிய சுவரில் கறுப்புப் புள்ளிகள் இருந்தனவே, அவற்றை உங்கள் கரிப்பொடி என்றுதான் நினைத்தேன். தினமும் ஈரத்துணியால் துடைத்தேன். ஜன்னலைச் சாத்தி இடுக்கில் பழந்துணி செருகினேன். பிள்ளையைக் காப்பாற்றுகிறேன் என்ற பெருமை வேறு.

ஒரு நாள் உங்களைக் கூப்பிட்டுச் சுவரைக் காட்டிச் சண்டைக்கு நின்றேன். நீங்கள் தொட்டு, விரலை முகர்ந்து பார்த்தீர்கள். "கரி இல்லம்மா இது. கரின்னா காஞ்சி இருக்கும். இது ஈரமா கீது, பூஞ்சை. கொழந்தய இங்க படுக்க வெக்காத" என்றீர்கள்.

ஆயுசெல்லாம் கரியோடு புழங்கியவர் நீங்கள். உங்களைவிட யாருக்குத் தெரியும்? ஆனால் நான், "உங்க பொழப்புக்காக செவுத்து மேல பழி போடாதீங்க" என்றேன், தெருவில் நாலு பேர் காதில் விழும்படி. இரண்டு வீட்டுக்கும் சொந்தக்காரர் ஒருவரேதான். அவரிடமும் போய் முறையிட்டேன். மாதம் முடிவதற்குள் உங்களைக் காலி செய்ய வைத்தார். சாமான்களோடு நீங்கள் ஆனேக்கலுக்கு டெம்போ ஏறியபோது மஞ்சு ஓடி வந்தாள். அவளை நான் உள்ளே இழுத்துக்கொண்டேன்.

நீங்கள் போன பிறகும் புள்ளிகள் வந்தன. இழுப்பும் வந்தது. அடுத்த மழையில் அந்தச் சுவர் உப்பிப் பெயர, பிளம்பர் கொத்திப் பார்த்தார். மறுபுறம் இருந்த எங்கள் குளியலறைக் குழாய் உள்ளுக்குள்ளேயே கசிந்து, காரை முழுக்கக் கறுத்திருந்தது. பூஞ்சைச் சுவரோரம் பிள்ளையைப் படுக்க வைத்து, வந்த காற்றையும் என் கையாலேயே அடைத்திருக்கிறேன். வெயில் விழும் வேறு வீட்டுக்கு மாறிய பிறகுதான் இழுப்பு மெல்லக் குறைந்தது.

ஆனேக்கலுக்கு பஸ் இல்லாமலா போயிற்று? வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பண்டிகை கழியட்டும், பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன். உண்மையில் உங்கள் முகத்தைப் பார்க்க வெட்கம். போன வருடம் நீங்கள் தவறிவிட்டதாகப் பழைய தெருக்காரி ஒருத்தி மார்க்கெட்டில் சொன்னாள். அப்படியா என்று மட்டும் கேட்டுவிட்டு வந்தேன்.

மஞ்சுவுக்கு இப்போது இருபது வயது. மழை வந்தால் இன்றும் பையில் இன்ஹேலர் இருக்கும். போன வாரம் வீட்டுக்கு வந்த கல்லூரித் தோழி அதைப் பார்த்து, இது எப்போதிருந்து என்று கேட்டாள்.

"சின்ன வயசுல எதிர்வீட்டு ஆன்ட்டி ஒருத்தங்க ஊதுபத்தி உருட்டுவாங்க. அந்தத் தூசியில வந்தது" என்றாள் மஞ்சு.

உங்களை அவளுக்கு அப்படித்தான் தெரியும். அப்படித் தெரிய வைத்தவள் நான். அன்று நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன், அக்கா. காபி ஆறுகிறது, குடியுங்கள் என்றேன்.