தபாலில் வந்த கோடிச்சேலை

விராலிமலை
6.4.2025

அன்புள்ள உடையப்பன் மச்சானுக்கு,

சோலையப்பன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்க நாலு வருஷமாக எனக்கு வாய் வரவில்லை. செல்போனையும் விட்டுவிட்டீர்கள் என்று உங்கள் மகள் இலக்கியா சொன்னாள். அதனால் கடிதம்.

எங்கள் நூலக வாசகர் வட்டத்தில் மே நான்காம் தேதி பட்டிமன்றம். ‘மனித நாகரிகத்தை முடிக்கப்போவது எது?’ என்று தலைப்பு. அணுகுண்டு, வெப்பம், கொள்ளைநோய் எல்லாவற்றையும் மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு மிஞ்சியது விண்கல். ஐஸ் பிளாண்டில் மெக்கானிக் வேலைக்கு நடுவே நீங்கள் படிக்காத அறிவியல் புத்தகம் இல்லை. நாலு குறிப்பு எழுதினால் பிழைத்துக்கொள்வேன்.

அக்காவின் திதி இந்த வருஷம் என்றைக்கு வருகிறது?

அன்புடன்
சோலையப்பன்


ஆவுடையார்கோவில்
12.4.2025

சோலையப்பனுக்கு,

விண்கல்லுக்காகப் பேசினால் தோற்பாய். அப்படி ஒன்று விழப் பல லட்சம் வருஷம் ஆகும்.

முப்பது வருஷமாக நான் சூரியப் புயல் என்றுதான் சொல்லிவந்தேன். அது மோதினால் மின்சாரம் போகும், பின்னாலேயே எல்லாம் போகும். ஜெகதாப்பட்டினம் ஐஸ் பிளாண்டில் கரண்டு நின்றால் மீன் எவ்வளவு நேரம் தாங்கும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் கஜா புயலில் இருபத்திரண்டு நாள் கரண்டு இல்லாமல் இருந்தோம். யாரோ ஜெனரேட்டர் கொண்டுவந்து டேங்கில் தண்ணீர் ஏற்றினார்கள். தெருவே வரிசையில் நின்று பிடித்தது. நீயும் மூன்றாம் நாள், விழுந்து கிடந்த மரங்களைத் தாண்டி அரிசியோடு வந்தாய். உன் அக்கா அதை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள். ஆகவே நான் சொல்லிவந்தது தப்பு.

கொள்ளைநோய்தான். 2021 வைகாசியில் கரண்டு இருந்தது, தண்ணீர் இருந்தது, செல்போன் ஓயாமல் அடித்தது. பொன்னுத்தாய்க்கு அந்த நோய்கூட இல்லை, நெஞ்சுவலி. செத்தவளுக்குப் பிறந்த வீட்டுக் கோடியைக் கூடப்பிறந்தவன்தான் கொண்டுவந்து போர்த்த வேண்டும். காலையிலிருந்து மூன்று மணி வரை உனக்காக அவளைக் கிடத்தி வைத்திருந்தேன். வந்திருந்த நாலு பேரும், “தம்பி வாராராய்யா, இல்ல தூக்கிரலாமா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் எதிர்வீட்டு இருளாயி தன் பெட்டியிலிருந்து ஒரு புதுச்சேலையை எடுத்துவந்து போர்த்தினாள். நீ போனில் அழுதாய். அன்றைக்கே அதை அணைத்துப் பரணில் போட்டேன்.

இதையும் குறிப்பாக எழுதிக்கொள். திதி என்றைக்கு என்று உனக்கு எதற்கு?

உடையப்பன்


விராலிமலை
21.4.2025

மச்சானுக்கு,

தனியாக ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். உள்ளே இருப்பது அக்காவுக்காக அன்றைக்கு வாங்கிய கோடிச்சேலை. ஊரடங்கு என்பதால் ஜவுளிக்கடைக்காரர் வீட்டுக் கதவைத் தட்டி வாங்கினேன். அக்காவுக்குப் பிடித்த கத்தரிப்பூ நிறம்.

வழியில் போலீஸ் மறித்துவிட்டது என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். மறித்தது உண்மை. பயணத்துக்கான இ-பதிவுச் சீட்டு இல்லை என்று ஒரு மணி நேரம் வெயிலில் நிறுத்தினார்கள். பிறகு ஒரு ஏட்டு என் பையைத் திறந்து சேலையைப் பார்த்தார். “அக்காவா? போங்க, போய்ட்டு வெரசா வந்துருங்க” என்று தடுப்பை நகர்த்தினார். அப்போது மணி பதினொன்று.

நான்தான் பைக்கைத் திருப்பினேன். முந்தின வாரம் எங்கள் தெருவில் மூன்று பேர் அந்த நோயில் போயிருந்தார்கள். பயந்துவிட்டேன், மச்சான். என் மனைவி வனிதாவுக்குக்கூட இது இன்றுவரை தெரியாது.

பட்டிமன்றத்திலிருந்து பெயரை எடுத்துவிட்டேன்.

சோலையப்பன்


ஆவுடையார்கோவில்
29.4.2025

மாப்பிள்ளைக்கு,

பார்சலைப் பிரிக்கவில்லை. நேற்றே திருப்பி அனுப்பிவிட்டேன். கோடி தபாலில் வருகிற பொருள் இல்லை.

போலீஸ் மறித்த கதையை இலக்கியா சொன்னபோது நான் நம்பவில்லை. பயந்துவிட்டேன் என்கிறாய், இதை நம்புகிறேன். மன்னித்துவிட்டேன் என்று அர்த்தம் எடுத்துக்கொள்ளாதே. பதினோரு மணிக்கு அங்கிருந்து கிளம்பியிருந்தால் இரண்டு மணிக்குள் வந்திருப்பாய்.

பெயரை எடுத்ததும் தப்பு. மறுபடி கொடு. விண்கல்லை வேறு யாருக்காவது தள்ளிவிடு. கொள்ளைநோய் பற்றிப் பேசுகிறவர்கள் எத்தனை பேர் செத்தார்கள் என்பதைத்தான் சொல்வார்கள். வண்டியைத் திருப்பியவர்களைப் பற்றிப் பேச அங்கே உன்னை விட்டால் ஆள் இல்லை.

திதி வைகாசி பதினேழு, சனிக்கிழமை. புதுக்கோட்டையில் பஸ் மாறி அறந்தாங்கி வழியாக வா. இருளாயிக்கும் ஒரு சேலை எடுத்துக்கொள். படையலுக்குச் சமைக்கப்போவது அவள்தான். பொன்னுத்தாய் படத்துக்கு முன்னால் கோடியை நீதான் வைக்க வேண்டும், வேறு யாரையும் தொட விடமாட்டேன்.

மூன்று மணி வரை இலை போடாமல் உன் வழி பார்த்திருப்பேன். அதற்கு மேல் என்னால் முடியாது.

உடையப்பன்