குன்றைச் சுற்றிய பௌர்ணமி

அப்பா,

இன்று மத்தியானம் கீழ்பென்னாத்தூரில் திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. களத்தில் காயப் போட்டிருந்த வேர்க்கடலையை அத்தையும் நானும் அவசரமாகக் குவித்து, உன் லாரியின் பழைய தார்ப்பாயை மேலே இழுத்துப் போட்டோம். நனைந்ததும் அதிலிருந்து மெழுகும் டீசலும் கலந்த வாசனை எழுந்தது. ஓரத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். அத்தை உள்ளே வரச் சொன்னது கேட்டது. எனக்குத்தான் கால் நகரவில்லை.

அம்மா இறந்துபோன வருஷம் நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். நீ லாரி எடுத்துக்கொண்டு வடக்கே போனால் திரும்ப வாரக்கணக்காகும். அடி அண்ணாமலை வீட்டில் நான் தனியாக எப்படி இருப்பது என்று உறவுக்காரர்கள் எல்லோரும் கேட்டார்கள். அத்தை தன்னிடம் விடச் சொன்னாள். நான் வரலாம், நாய் செவலையும் கோழி கருப்பியும் வரக் கூடாது என்றாள். களம் முழுக்கக் கடலை காயும், கோழி கிளறும், பேரப்பிள்ளை தவழ்கிற வீட்டில் நாய் எதற்கு என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை. ஆனால் செவலையைக் குட்டியாக மடியில் கட்டித் தூக்கி வந்தது அம்மா. கருப்பியைக் குஞ்சிலிருந்து வளர்த்ததும் அம்மாதான். இதையெல்லாம் எடுத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்று நாள் முழுக்க நான் சாப்பிடாமல் இருந்ததைப் பார்த்துத்தான் நீ சொன்னாய்: "இந்த ஒரு நடை நீயும் வா. அதுங்களையும் ஏத்திக்கலாம். வந்ததும் அத்தை ஊட்ல உட்டுடறேன்."

சேலத்தில் ஜவ்வரிசி மூட்டை ஏற்றி ராஜஸ்தான் போகிற நடை அது. உனக்கு மாற்று டிரைவராக வந்த ஏழுமலை மாமா கேபினுக்குள் எட்டிப் பார்த்து, "இன்னாண்ணா, லோடு பத்தலன்னு சந்தையவே ஏத்திட்டியா?" என்றார். மகாராஷ்டிராவில் மலை ஏறும்போது மேகம் ரோட்டிலேயே இறங்கி நின்றது. வளைவுக்கு வளைவு வண்டி முனகியது. செவலை, ஏழுமலை மாமாவின் புது லுங்கியைப் பார்த்து அதன் மேலேயே வாந்தி எடுத்தது. அவர் இறங்கி ஓரமாக நின்று லுங்கியை அலசினார். நீ ஸ்டியரிங்கில் தலை வைத்துச் சிரித்தாய். அம்மா போன பிறகு நீ சிரித்து அன்றுதான் பார்த்தேன். கருப்பி சீட்டுக்கு அடியில் சாக்கில் முட்டை வைத்தது. அதை ஒரு தாபாவில் கொடுத்துப் பொரிக்கச் சொல்லி, எனக்கு மட்டும் ஊட்டினாய்.

எல்லாம் நன்றாக இருந்தது. நன்றாக இருக்க இருக்க எனக்குப் பயம் கூடியது. ஒவ்வொரு ஊர் தாண்டும்போதும், நடை முடியப் போகிறது என்றே தோன்றும். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஜவ்வரிசியை இறக்கிவிட்டு, கல் ஏற்றுவதற்காக ஜெய்சல்மேர் பக்கம் காத்துக் கிடந்தோம். பச்சை என்று சொல்ல ஒன்றிரண்டு மரம். மீதியெல்லாம் மணல். சாயங்காலம் நிலா வட்டமாகக் கிளம்பியதைப் பார்த்து, என்னை அறியாமல், "இன்னிக்கு பௌர்ணமிப்பா" என்றேன். நம் ஊரில் அந்நேரம் வீட்டு வாசலையொட்டி ஜனம் மலையைச் சுற்றி நடந்துகொண்டிருக்கும். அம்மா இருந்தவரை நாமும் அவளோடு நடப்போம். நீ தூரத்தில் தெரிந்த ஒரு கல் குன்றைக் காட்டி, "அதச் சுத்திட்டு வரலாமா?" என்றாய்.

"மல இல்லன்னா லாரியச் சுத்துவாரு உங்கப்பா" என்று ஏழுமலை மாமா சிரித்தார். நாம் ஊரில் செய்வதுபோலவே செருப்பைக் கழற்றி வண்டியில் வைத்துவிட்டு, குன்று வலக்கைப் பக்கம் இருக்க நடக்க ஆரம்பித்தோம். செவலை முன்னால் ஓடியது. எதிரே ஆட்டுக்காரர் ஒருவர் வந்தார். நம் வெறுங்காலைக் காட்டி என்னமோ சொன்னார். தன் தோல் செருப்பைத் தூக்கிக் காட்டினார். நாம் வெறுங்காலோடு சுற்றுவதை மெச்சுகிறார் என்று நினைத்து நீ அவருக்கு ஒரு கும்பிடு போட்டாய்.

குன்றுக்குப் பின்பக்கம் போனதும்தான் அவர் சொன்னது புரிந்தது. காய்ந்த புல் முழுக்கச் சின்னச் சின்ன முள் உருண்டை. செவலை கத்திக்கொண்டு படுத்துவிட்டது. நாலு காலும் முள். திரும்பினாலும் அதே தூரம், முன்னால் போனாலும் அதே தூரம். நீ அதைத் தூக்கி மூட்டை மாதிரி தோளில் போட்டுக்கொண்டு நடந்தாய். பாதி வழியில் உட்கார்ந்து நெஞ்சைத் தடவினாய்.

"முள்ளு குத்துதாப்பா?"

"இல்லம்மா. இது கனம் ஜாஸ்தி."

அதை நான் நம்பினேன்.

வண்டிக்கு வந்து, செவலையின் காலை மடியில் வைத்து ஒவ்வொரு முள்ளாகப் பிடுங்கினாய். உன் கால் முள்ளை நீ பார்க்கவே இல்லை. குனிந்தபடியே பேசினாய்: "உங்கம்மா இதத் தூக்கினு வந்தன்னிக்கி நான் சண்ட போட்டேன். ஒரு வேள சோறு கம்மியா துன்னாலும் இது இங்கதான் இருக்கும்னா." முள்ளை மணலில் தட்டினாய். "அத்தை ஊட்டுக்குப் போவ வேணாம். நாம எல்லாம் ஒண்ணாவே இருப்போம்."

ஊர் திரும்பியதும் வடக்கு லைனையே விட்டுவிட்டாய். வேங்கிக்காலில் புதிதாகக் கட்டுகிற வீடுகளுக்கு லாரியில் செங்கல் லோடு அடித்தாய். பொழுது சாய வீட்டுக்கு வருவாய். நான் சோறு போடுவேன். கீழே செவலை, கருப்பி இரண்டு பேரும் காத்திருப்பார்கள். அப்படி ஒரு வருஷம்கூட முழுசாகக் கிடைக்கவில்லை. செங்கல் இறக்கும் இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய் என்றார்கள். நான் ஆஸ்பத்திரிக்கு ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

காரியம் முடிந்து வீட்டைப் பூட்டினார்கள். வேன் வந்து நின்றது. நாய் எப்படியும் பிழைத்துக்கொள்ளும், மலை சுற்ற வருகிறவர்கள் ஏதாவது போடுவார்கள் என்று யாரோ சொன்னார்கள். அத்தை என் கையைப் பிடித்து ஏறச் சொன்னாள். அத்தனை பேர் நடுவில் எனக்கு எப்படிக் குரல் வந்ததோ.

"செவல வராம நான் ஏற மாட்டேன் அத்தை. கருப்பியும் வரணும்."

அத்தை என்னையே பார்த்தாள். அழுதழுது அவள் முகம் உன் முகம் மாதிரியே இருந்தது. "ஏத்துடி" என்றாள். "கோழிய இறுக்கிப் புடி, வழியில பறந்துடப் போவுது."

கருப்பி போன தையில் செத்துப்போனது. செவலைக்கு வயசாகிவிட்டது, கண்ணும் மங்கல். அத்தையே அதற்குச் சோறு வைக்கிறாள். ரோட்டில் லாரி சத்தம் கேட்டால் மட்டும் இப்போதும் எழுந்து வாசலுக்குப் போய் நிற்கிறது. வருவது நீ இல்லை என்று எனக்குத் தெரியும். அதற்குத் தெரியாது. அங்கே அதைத் தனியாக நிற்கவிட மனம் வராமல், கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு ஒவ்வொரு முறையும் நானும் கூடப் போய் நிற்கிறேன்.